திட்டம் இருக்கிறது, ஆள் வருவதில்லை: பணியிட நலம் பற்றிய வாசகர் கேள்விகள்

ஊழியர் நலத் திட்டங்கள் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: செலவு செய்தோம், அறிவித்தோம், யாரும் வரவில்லை. அவற்றிலிருந்து சில கேள்விகளும் எங்கள் பதில்களும்.

எங்கள் அலுவலகத்தில் 240 பேர். மாலை 6 மணிக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினோம். முதல் வாரம் 41 பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரம் 7 பேர். அந்த ஏழு பேரும் ஏற்கெனவே தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்கள். விளம்பரத்தைக் கூட்ட வேண்டுமா?
– மனிதவள அலுவலர்

வேண்டாம். விளம்பரம் போய்ச் சேராமல் இருந்திருந்தால் முதல் நாளே 41 பேர் வந்திருக்க மாட்டார்கள். வந்து பார்த்த 34 பேர் திரும்பி வரவில்லை என்பதுதான் உங்கள் சிக்கல். இன்னும் நூறு போஸ்டர் ஒட்டினாலும் அது தீராது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மாலை 6 மணி ஊழியரின் சொந்த நேரம். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவர வேண்டியவரும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரும் வரமாட்டார்கள். வேலை முடியாமல் உட்கார்ந்திருப்பவரும் வரமாட்டார். இந்த மூவருக்கும்தான் அந்த வகுப்பு அதிகம் தேவை. வேலை நேரத்துக்குள் 25 நிமிடத்தை ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் மீட்டிங் வைக்கக் கூடாது என்று எல்லோருடைய நாட்காட்டியிலும் பூட்டிவிடுங்கள். நிர்வாகம் அந்த 25 நிமிடத்தைத் தர மறுக்கிறது என்றால், வகுப்புக்கு ஆள் வராத காரணம் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது உடை. வியர்க்கும் பயிற்சி என்றால் மாற்றுடையும் குளிக்க இடமும் வேண்டும். அவை இல்லாத அலுவலகத்தில் வேலை உடையிலேயே செய்யக்கூடிய கழுத்து, தோள், இடுப்புப் பயிற்சிகளாக வகுப்பை மாற்றுங்கள்.

மூன்றாவது, பயிற்சியாளரின் வேகம். ஏழு பேர் நன்றாகச் செய்தால் அவர் தன்னையறியாமல் அந்த ஏழு பேருக்காகவே நடத்த ஆரம்பித்துவிடுவார். புதிதாக வந்தவர் பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கூசிப்போய் அதோடு நின்றுவிடுவார். தொடக்க நிலையினருக்குத் தனிக் குழு அமையுங்கள். ஆறு வாரம், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உறுதி, ஒரு குழுவுக்கு 12 பேருக்கு மேல் இல்லை. முடிவே இல்லாத வகுப்பில் ஒரு வாரம் தவறினால் விட்டுப்போகும். ஆறே வாரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டாவது வருவார்கள்.

இதில் எது உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தும் என்பதை அந்த 34 பேர்தான் சொல்ல முடியும். நாற்பது கேள்விப் படிவம் அனுப்பாதீர்கள். அவர்களில் பத்துப் பேரை, ஹெச்.ஆர். பிரிவைச் சேராத ஒருவர் தனித்தனியாக ஐந்து நிமிடம் சந்தித்து, ‘அடுத்த வாரம் வரவிடாமல் தடுத்தது எது?’ என்று மட்டும் கேட்கட்டும். பதில்களை நேரம், இடம், உடை, கூச்சம், மேலாளர் என்ற ஐந்து தலைப்பில் கோடு போட்டு எண்ணுங்கள். அதிகக் கோடு விழுந்ததை மட்டும் முதலில் மாற்றி நான்கு வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

அந்த ஏழு பேர் விஷயம் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016-ல் சுமார் 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நலத் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைந்தவர்களாகவும் நல்ல பழக்கம் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு யார் வந்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

மருத்துவப் பரிசோதனை முகாம் நடத்தப் போகிறோம். அறிவிப்பில் என்ன எழுதினால் ஆட்கள் வருவார்கள்?
– அலுவலக நிர்வாகி

‘ஆரோக்கியமே செல்வம், அனைவரும் வருக’ என்பதைப் படித்தவர் மனத்தில் ஐந்து கேள்விகள் எழும். எத்தனை நிமிடம் ஆகும்? அது வேலை நேரத்தில் சேருமா? சாப்பிட்டு வரலாமா? ஊசி போடுவார்களா? முடிவை யார் பார்ப்பார்கள்? இந்த ஐந்துக்கும் அறிவிப்பிலேயே பதில் வேண்டும். மாதிரிக்கு:

‘ரத்த அழுத்தப் பரிசோதனை. செவ்வாய் காலை 10 முதல் 3 வரை, இரண்டாம் மாடி சிறிய அறை. உங்களுக்கு 10 நிமிடம் ஆகும். அது வேலை நேரமாகவே கணக்கிடப்படும். ஊசி கிடையாது. சாப்பிட்டுவிட்டு வரலாம், வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை வேண்டாம். முடிவு எழுதிய சீட்டு உங்கள் கையில் மட்டும் தரப்படும், நிறுவனத்துக்குப் போகாது. உங்கள் நேரம்: ____ மணி.’

கடைசியில் நேரம் எழுதிக்கொள்ள விட்டிருக்கும் வெற்றிடம் கட்டாயம் இருக்கட்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் ஊழியர்களுக்குப் பணியிடத்திலேயே இலவச ஃப்ளூ தடுப்பூசி போட்டபோது நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. சாதாரணக் கடிதம் பெற்றவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போகப் போகிறேன் என்று தானே எழுதிக்கொள்ளக் கட்டம் இருந்த கடிதம் பெற்றவர்களில் சுமார் 37 சதவீதம். அந்தக் கட்டத்தை நிரப்பி யாரிடமும் திருப்பித் தரவேண்டியதில்லை. காசு செலவில்லாத நான்கு சதவீதப் புள்ளி அது.

நினைவூட்டல் மூன்று போதும்: ஒரு வாரம் முன், முந்தைய நாள், அன்று காலை. அதற்கு மேல் வாட்ஸ்அப்பில் தினமும் தட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த அறிவிப்பையும் படிக்காமல் தள்ளிவிடுவார்கள். ஒரு செய்தியில் ஒரே நிகழ்ச்சிதான் இருக்க வேண்டும். ஒட்டிய வயிறும் பளபளப்பான முகமுமாகச் சிரிக்கும் இளைஞர் படத்தைத் தவிருங்கள். உடம்பு கனத்த ஐம்பது வயதுக்காரர் அதைப் பார்த்து, இது தனக்கு இல்லை என்று முடிவு செய்துவிடுவார். அவருக்கு எட்டும் வழி, பக்கத்து மேசை நண்பர் ‘நான் பதினொன்றரைக்குப் போகிறேன், வாங்களேன்’ என்று சொல்வதுதான். ஒவ்வொரு பிரிவிலும் மற்றவர்கள் மதிக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பதவியில் உயர்ந்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முகாம் நடக்கும் விதமும் அடுத்த ஆண்டு வருகையைத் தீர்மானிக்கும். படியேறி வந்து வரிசையில் நின்றவருக்கு உடனே கையில் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அவர் பயந்துபோய் மறுபடி வரமாட்டார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கால் தரையில் படிந்திருக்க, கையை இதய மட்டத்தில் தாங்கி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். அளப்பதற்கும் பேசுவதற்கும் ஐந்து நிமிடம் என்றால், ஒரு செவிலியர் மணிக்கு 12 பேரைப் பார்க்கலாம். 120 பேருக்கு இரண்டு செவிலியர், ஐந்து மணி நேரம். ஒருவரை மட்டும் வைத்து மூன்று மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தால் வரிசை நீளும், அளவு தப்பும், பக்கத்தில் நிற்பவர் காதில் எல்லாம் விழும்.

நடைப் போட்டி வைத்தோம். இரண்டாம் வாரமே முதல் மூன்று இடம் உறுதியாகிவிட்டது. மற்றவர்கள் செயலியைத் திறப்பதே இல்லை. சிலர் போனை ஆட்டியே எண்ணிக்கையைக் கூட்டுவதாகப் புகார் வேறு.
– குழுத் தலைவர்

மொத்த அடிகளைக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும். ஏற்கெனவே நடக்கிறவர் முதல் நாளே வென்றுவிடுகிறார். முதல் வாரத்தை அளவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவரவருடைய முதல் வாரச் சராசரியிலிருந்து எவ்வளவு உயர்ந்தது என்பதுதான் மதிப்பெண். அதற்கும் வாரத்துக்கு 20 சதவீதம் உச்சவரம்பு. ஒரு நாளைக்கு 12,000 அடிக்கு மேல் கணக்கில் சேராது என்று வைத்தால் போனை ஆட்டுவதில் பயனில்லை. முழங்காலைக் கெடுத்துக்கொண்டு நடப்பவர்களும் நிற்பார்கள். வெவ்வேறு பிரிவினரைக் குலுக்கிப் போட்டு ஐந்து பேர் கொண்ட அணியாக்குங்கள். முதல் பாதி அணிகளை மட்டும் பலகையில் போடுங்கள். கடைசி இடத்தைக் காட்ட வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

தினம் பத்தாயிரம் அடி என்பது மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்ற பொருள் தருவது. எண் அங்கிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஆகவே நிமிடத்தில் கணக்கிடும் வழியையும் வையுங்கள்: எந்த அசைவானாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. சக்கர நாற்காலியில் இருப்பவரும் மூட்டுவலிக்காரரும் கர்ப்பிணியும் கேட்டு வாங்கும் நிலை வராமல், விதியிலேயே அவர்களுக்கு இடம் இருக்கட்டும்.

பரிசு கொடுத்தால் ஆட்கள் வருவார்களா? எவ்வளவு கொடுக்கலாம்?
– சிறு நிறுவன உரிமையாளர்

எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புகை நிறுத்தத்தில் பணம் வேலை செய்திருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், பயிற்சியை முடித்தால் 100 டாலர், ஆறு மாதத்துக்குள் நிறுத்தியது உறுதியானால் 250, மேலும் ஆறு மாதம் தாண்டினால் 400 என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். பணம் பெற்ற குழுவில் 14.7 சதவீதம் பேர் நிறுத்தினார்கள். தகவல் மட்டும் பெற்ற குழுவில் 5 சதவீதம்.

ஊழியரே முன்பணம் கட்டி, வென்றால் திரும்பப் பெறும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். புகை நிறுத்தத்திலேயே 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வெறும் பரிசுத் திட்டத்தை 90 சதவீதம் பேர் ஏற்றார்கள். 150 டாலர் முன்பணம் கேட்ட திட்டத்தை ஏற்றவர்கள் 13.7 சதவீதம் மட்டுமே. ஏற்றவர்களிடம் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நீங்கள் கவலைப்படுவது சேராதவர்களைப் பற்றி. அவர்களை முன்பணம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

உடல் எடை, சர்க்கரை அளவு போன்ற முடிவுக்குப் பரிசு வைக்காதீர்கள். மருந்தின் பக்கவிளைவால் எடை கூடியவருக்கு அது தண்டனையாகிவிடும். பட்டினி கிடந்து எடை காட்டுபவர்களும் உண்டு. வருகைக்குக் கொடுங்கள். ஒருவருக்குப் பெரிய பரிசைவிட எல்லோருக்கும் சிறியது, அன்றே கையில் கிடைப்பது நல்லது. பல இடங்களில் பணத்தைவிட நேரமே இனிக்கும்: ஆறு அமர்வு முடித்தவருக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் முன்பே கிளம்ப அனுமதி. பரிசு நின்றதும் வருகை சரியும் என்பதையும் எதிர்பாருங்கள். அதற்குள் அந்த வகுப்பில் நண்பர்கள் கிடைத்திருந்தால் சிலராவது தங்குவார்கள்.

600 ஊழியர்களுக்கு மனநல ஆலோசனைத் தொலைபேசி ஏற்பாடு செய்திருக்கிறோம். ஓராண்டில் வந்த அழைப்புகள் ஒன்பது. யாருக்கும் தேவை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– மனிதவள மேலாளர்

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பேசினால் மேலிடத்துக்குத் தெரிந்துவிடும்’ என்ற பயம் இருக்கும் இடத்தில் தேவை எவ்வளவு இருந்தாலும் போன் மணி அடிக்காது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் நீங்களே சோதியுங்கள். ஆலோசனை நிறுவனம் அனுப்பும் பில்லில் பெயரோ ஊழியர் எண்ணோ இருக்கிறதா? அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்தால்தான் நேரம் கிடைக்குமா? பொது நாட்காட்டியில் அது தெரிகிறதா? நேரில் பேசும் அறை ஹெச்.ஆர். அறைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவரோடு இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஊழியர் பயப்படுவது நியாயம். அதைச் சரிசெய்யாமல் ‘ரகசியம் காக்கப்படும்’ என்று அச்சடிக்காதீர்கள்.

சரிசெய்த பிறகு அரைப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதுங்கள்: போனை எடுப்பவர் யார், குறிப்பு எங்கே இருக்கும், நிறுவனத்துக்கு என்ன வரும். நிறுவனத்துக்கு வரவேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்த அழைப்பு எண்ணிக்கை மட்டும். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவைத் தனியாகக் காட்டக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் ரகசியம் தளரும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விதிவிலக்கை முன்பே சொன்னால் மற்றதை நம்புவார்கள்.

தொலைபேசி எண்ணை எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். நோட்டீஸ் போர்டு முன் நின்று குறித்துக்கொள்ள யாரும் துணியமாட்டார்கள். கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சம்பளச் சீட்டின் பின்புறம் எல்லோருக்கும் அச்சிடுங்கள். குடும்பத்தாரும் பேசலாம் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் அழைப்பு பல நேரம் மனைவியிடமிருந்தோ கணவரிடமிருந்தோதான் வரும். ‘மனநலம்’ என்ற சொல்லே சிலரை விலக்கும். தூக்கம், கடன், வீட்டுச் சண்டை, முதியோர் பராமரிப்பு என்று பேசக்கூடியவற்றைப் பெயர் சொல்லிப் போடுங்கள்.

மேலாளர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள். நோய் என்னவென்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை அல்ல. கவனிப்பது, கேட்பது, வழிகாட்டுவது மட்டுமே. ‘ரெண்டு வாரமா நீங்க வழக்கம்போல இல்ல. ஏதாவது சிரமமா? இப்போ சொல்லணும்னு இல்ல, வேணும்போது பேசலாம்’ என்ற அளவு போதும். ஒருவர் உயிரை விடுவது பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாமல், உடனே அவசர உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டும்.

பெயர் கேட்காத கருத்துக் கணிப்பிலும் இதே தவறு நடக்கும். பிரிவு, வயது, பாலினம், பணி ஆண்டு நான்கையும் கேட்டால் பெயர் தேவையே இல்லை. ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரிவை மட்டும் கேளுங்கள்.

எங்கள் ஆலையில் மூன்று ஷிப்ட். இயந்திரத்தை விட்டு நகர முடியாது. நலத் திட்டம் எல்லாம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத்தான் என்கிறார்கள் தொழிலாளர்கள்.
– பாதுகாப்பு அலுவலர்

அவர்கள் சொல்வது சரி. தொழிலாளியை அறைக்கு அழைக்காமல், திட்டத்தை லைனுக்குக் கொண்டுபோங்கள். ஷிப்ட் தொடங்கும் கூட்டத்தில் ஏழு நிமிட உடல் தளர்வுப் பயிற்சி சேர்க்கலாம். பரிசோதனைக்கு மாற்றாள் ஒருவரை லைனில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பத்து நிமிடம் விடுவியுங்கள். 30 பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அந்தச் செலவைத் திட்டத் தொகையில் முன்பே எழுதுங்கள். எழுதாவிட்டால் சூப்பர்வைசர் தலையில் விழும். அவர் யாரையும் விடமாட்டார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு அந்த நிமிடங்களுக்குச் சராசரிக் கூலி கொடுங்கள்.

இரவு ஷிப்டுக்குப் பகலில் வரச் சொல்லாதீர்கள். அவர்கள் தூங்கும் நேரம் அது. ஷிப்ட் முடிவிலும் வேண்டாம். வீடு போய்ச் சேரத்தான் மனம் ஓடும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வையுங்கள். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனை அவர்களுக்கு ஒத்துவராது. சாப்பிட்டிருந்தாலும் எடுக்கக்கூடிய ஹெச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) பொருந்தும். ரத்தசோகை இருப்பவர்களுக்கு அதன் அளவு மாறுபடலாம் என்பதால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

சேராதவர்கள் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். மறுக்கலாமா?
– ஓர் ஊழியர்

மறுக்கலாம் என்ற நிலை இருந்தால்தான் அதற்கு நலத் திட்டம் என்று பெயர். ‘இது விருப்பத்தின்பேரில்தானே? என் தகவல் யாரிடம் போகும்?’ என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில், பணிவாகக் கேளுங்கள். ஊழியர் சங்கமோ குழுவோ இருந்தால் அதன் வழியாகக் கேட்பது இன்னும் நல்லது. பட்டியல் போடும் நிர்வாகத்துக்கு: வருகைப்பதிவு வேண்டுமானால் தலையை எண்ணுங்கள், பெயர் வேண்டாம்.

இதனால் மருத்துவச் செலவு எவ்வளவு குறையும் என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்வது?
– மனிதவள அலுவலர்

குறையும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முன்பு சொன்ன இல்லினாய் ஆய்வில் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. பிஜேஸ் என்ற அமெரிக்க வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்விலும், 18 மாதத்துக்குப் பிறகு உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, செலவு, விடுப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

காட்டக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்: பிரிவு வாரியாக எத்தனை சதவீதம் வந்தார்கள், மூன்றாம் அமர்வுக்குத் திரும்பியவர் எத்தனை, கேட்ட குறைகளில் எத்தனை தீர்ந்தன. மொத்தச் சதவீதம் ஏமாற்றும். 240-ல் 60 பேர் என்றால் 25 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் அலுவலகத்தில் 100-க்கு 50, ஆலையில் 140-க்கு 10, அதாவது 7 சதவீதமாக இருக்கலாம்.

ஆள் பற்றாக்குறையால் தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை. இந்த நிலையில் ‘மன அழுத்த மேலாண்மை’ வகுப்புக்கு அழைக்கிறார்கள். கோபம்தான் வருகிறது.
– ஒரு செவிலியர்

உங்கள் கோபம் நியாயமானது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை வைத்து 2024-ல் வெளியான ஆய்வு, தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி, அழுத்த மேலாண்மை வகுப்பு போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை என்று கண்டது. நீண்ட வேலை நேரத்தின் தீங்கோ தெளிவானது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் மதிப்பிட்டன. பன்னிரண்டு மணி வீதம் ஐந்து நாள் என்றாலே உங்கள் கணக்கு 60 மணி. இந்த எண்களோடு, உங்கள் பிரிவின் நான்கு வாரப் பணி நேரத்தைக் கூட்டி எழுதி, சக ஊழியர்கள் சேர்ந்து கொடுங்கள்.

இதைப் படிக்கும் நிர்வாகிகளுக்கு: வகுப்புக்கு அழைக்கும் முன் வேலையில் ஒன்றை மாற்றுங்கள். ஊழியர்கள் சொல்லும் குறைகளில் 30 நாளுக்குள் தீர்க்கக்கூடிய ஒன்றை எடுங்கள். டியூட்டி பட்டியலை இரண்டு வாரம் முன்பே தருவது, பணி முடிந்தபின் செய்தி அனுப்பாமல் இருப்பது, உணவு இடைவேளையில் மாற்றாள் நிறுத்துவது போன்று எதுவானாலும் சரி. தீர்த்ததும், ‘நீங்கள் கேட்டது இது, மாறியது இது’ என்று பலகையில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த அழைப்புக்கு வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வருவார்கள்.

புதிய திட்டத்தை எப்போது தொடங்கலாம்?
– அலுவலக நிர்வாகி

கணக்கு முடிக்கும் மாதத்திலும், சம்பள உயர்வு முடிவாகும் வாரத்திலும், ஆட்குறைப்புச் செய்தி உலவும்போதும் வேண்டாம். மற்ற எந்த மாதமும் சரி. தொடங்க ஆறு வாரம் முன்பே ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு அமையுங்கள். பாதிப் பேர் அடிமட்டப் பணியிலிருந்து, ஒருவராவது இரவு ஷிப்டிலிருந்து வரவேண்டும். குழுக் கூட்டம் வேலை நேரத்தில் நடக்கட்டும். சிறு தொகையை யாரையும் கேட்காமல் செலவிடும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கட்டும்.